சோறு போடும்போது வேலையைக் கேட்காதீர்கள்!

உங்கள் வீட்டில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

"டாக்டர், பையனுக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது. லேகியம் ஏதாவது குடுங்க" என்று தாய்மார்கள் அழைத்து வருகிறார்கள். நாடி பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டால் விஷயம் வரும். "பசிக்குது சார். தட்டுல கை வெச்சதுமே அப்பா 'அந்த வேலை என்னாச்சு'ன்னு ஆரம்பிச்சுடறார். அவர் கிளம்பினப்புறம் பதினோரு மணிக்கு எதையாவது தின்னுக்கறேன்." இந்தப் பசியின்மைக்கு என்னிடம் லேகியம் இல்லை. மருந்து அப்பாவிடம்தான் இருக்கிறது!

நம் காரைக்காலுக்கு வேலை தேடிப் புறப்படுவது புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ரீயூனியனுக்கும் சைகோனுக்கும் கப்பலேறினார்கள். 1954-ல் அந்த ஆட்சி கைமாறிய பிறகு சிங்கப்பூர், வளைகுடா, சென்னை என்று போகிற ஊர்தான் மாறியது. அன்றைக்குப் போனவரின் கடிதத்துக்காக வீடு காத்திருந்தது. இன்றைக்குப் போக வேண்டிய பிள்ளை வீட்டிலேயே காத்திருக்கிறது. அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, ரிசல்ட், சான்றிதழ் சரிபார்ப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கிறது. இந்தக் காத்திருப்புதான் உடம்பைக் கரைக்கிறது.

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று 14 சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் தானாக எழுகிற உந்துதல்கள் அவை. தும்மல், இருமல், கொட்டாவி, சிறுநீர், மலம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றை வலிய அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். அதே பட்டியலில் பசி, தாகம், தூக்கம், கண்ணீர் ஆகிய நான்கும் இருக்கின்றன. வேலை தேடும் பிள்ளை இந்த நான்கையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

பசி

'சம்பாதிக்காதவனுக்கு என்ன வேளா வேளைக்குச் சாப்பாடு?' யாரும் இப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பிள்ளையே தனக்குள் சொல்லிக்கொள்கிறது. காலைச் சாப்பாட்டை விடுகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு அள்ளிப் போட்டுக்கொள்கிறது. ராத்திரி டீக்கடை பஜ்ஜி. பிறகு நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், எரிச்சலான பேச்சு. 'வர வர மரியாதையே இல்லை' என்று வீட்டில் சண்டை! பாதிச் சண்டைக்குக் காரணம் காலி வயிறு.

காலை எட்டரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நாலு இட்லி போதும். இல்லையா, கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளலாம். மீன் சாப்பிடும் வீட்டில் வாரம் இரண்டு நாள் மத்தி வாங்குங்கள். விலை கம்மி, சத்து அதிகம். சைவர்கள் பயத்தம்பருப்பு, சுண்டல் வகைகளை விடாதீர்கள்.

வேலை தேடும் பெண்பிள்ளைகளின் கதை வேறு. 'வீட்ல சும்மாதானே இருக்கே' என்று அடுப்படி வேலை முழுவதும் அவள் தலையில் விழும். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை, கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு கொடுங்கள். கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேர புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

தாகம்

நமக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நம் தலைநகரம் புதுச்சேரியோ ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இன்டர்வியூ என்றால் விடியற்காலை பஸ் பிடித்துத் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் போக வேண்டும். வழியில் கழிப்பறை சரியில்லை என்று பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அது நீர்ச்சுருக்கில் கொண்டுபோய் விடும். தலைவலியோடு போய் உட்கார்ந்தால் தெரிந்த பதிலும் வாயில் வராது.

முடிந்தால் முதல் நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். முடியாதவர்கள் சீரகத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இட்லியில் மிளகாய்ப்பொடியைக் குறைத்து நல்லெண்ணெய் தடவிக் கட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் வழிக்கடைப் பரோட்டாவும் வேண்டாம், பழக்கமில்லாத புதுப் பலகாரமும் வேண்டாம்.

தூக்கம்

ராத்திரி இரண்டு மணி வரை செல்போன், காலை பத்து மணிக்கு எழுந்திருப்பது, மத்தியானம் இன்னொரு தூக்கம். இது சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். பல பிள்ளைகளுக்கு உண்மை வேறு. பகலில் வீட்டார் முகத்தைப் பார்க்கக் கூச்சம், அதனால் ராத்திரியில் விழித்திருக்கிறார்கள். திட்டினால் கூச்சம் கூடும், தூக்கம் இன்னும் கெடும். பத்தரைக்கு விளக்கை அணைப்பது என்று வீடு முழுவதற்கும் ஒரு சட்டம் போடுங்கள். அப்பாவின் டி.வி.க்கும் சேர்த்துத்தான்!

கண்ணீர்

'ஆம்பளைப் பிள்ளை அழலாமா?' என்று கேட்காதீர்கள். பரீட்சை ரிசல்ட் வந்து பெயர் இல்லையென்றால் அழட்டும். கண்ணீரையும் அடக்கக் கூடாத வேகமாகத்தான் சித்தர்கள் வைத்தார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் யாரிடமும் பேசாமல், தூங்காமல், எடை குறைந்துகொண்டே போனாலோ, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு ஒரு தடவை காதில் விழுந்தாலோ கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சித்த வைத்தியன் இதைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். உயிர்தான் முதல்.

ஒரு பை, ஒரு நோட்டு

வயிற்றுக்கு வேளை இருப்பதுபோல் காகிதத்துக்கும் ஒரு வேளை வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் சாதிச் சான்றிதழ் வரை எல்லா ஒரிஜினலும் ஒரே பையில், ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், பத்து பாஸ்போர்ட் போட்டோ எப்போதும் கையில். வருமானச் சான்றிதழ் போன்றவற்றுக்குக் காலக்கெடு உண்டு. கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள்.

நோட்டில் ஐந்து பத்திகள் போதும். என்ன வேலை, விண்ணப்பித்த தேதி, கட்டிய பணம், தேர்வு நாள், முடிவு. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இந்த வேலை மட்டும். ஒரு மணிக்குச் சாப்பாடு. சாயங்காலம் கடற்கரை வரை ஒரு நடை. இப்படி நாளுக்கு ஒரு சட்டம் வந்துவிட்டால் பசியும் தூக்கமும் தானே வேளைக்கு வரும்.

வெளிநாட்டு வேலைக்குப் பணம் கேட்கும் ஏஜெண்டிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

அப்பாக்களுக்கு

"கேட்காம விட்டா பொறுப்பு எப்படி சார் வரும்?" என்று அப்பாக்கள் என்னிடம் கோபிக்கிறார்கள். கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம், அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். எங்கே விண்ணப்பித்தாய், எதில் தடங்கல், பஸ் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்காகக் கேளுங்கள். மற்ற ஆறு நாளும் அந்தக் கேள்வியைப் பூட்டி வையுங்கள். தட்டின் முன்னால் மட்டும் ஏழு நாளும் கூடாது.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான்: முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, பசித்த பிறகு, அளவாகச் சாப்பிடு என்கிறார். சம்பளம் வாங்கிய பிறகு சாப்பிடு என்று எங்கும் சொல்லவில்லை.

வேலை இன்றைக்கு வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். வருகிற அன்று அதைச் செய்ய உடம்பில் தெம்பு வேண்டாமா? இன்று ராத்திரி பிள்ளை சாப்பிட உட்காரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமாப்பா?"