தலையை எண்ணினா மட்டும் போதுமா?

2025 மே மாசம் எடுத்த கணக்குல குஜராத் சிங்கம் 891 ஆயிடுச்சாம். டீக்கடையில எல்லாருக்கும் சந்தோஷம். "இனிமே என்னப்பா கவலை, காப்பாத்தியாச்சு"ன்னாங்க. எனக்கு அப்படித் தோணலை.

ஆடு வளர்க்கிறவனுக்கு இது புரியும். ஒரு காலத்துல காசை மிச்சம் பிடிக்கிறேன்னு என் பட்டியில பிறந்த கிடாவையே வருசக்கணக்கா வெச்சிருந்தேன். உருப்படி என்னவோ கூடிச்சு. ஆனா குட்டிங்க வரவர நோஞ்சானாப் பிறந்துச்சு. ஒரு மழைக்காலத்துல நோய் வந்து பாதிப் பட்டி காலி. "வெளியூர்க் கிடா வாங்குடா"ன்னு அப்பா தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். நான் கேட்கலை.

அமெரிக்காவுல ஃபுளோரிடா பூமாவுக்கும் இதே கதிதான். இருபது முப்பதுதான் மிச்சம். வால் முறுக்கிக்கிச்சு, இதயத்துல ஓட்டை, ஆணுக்கு விதை இறங்கலை. 1995-ல டெக்சாஸ்ல இருந்து எட்டுப் பெண் பூமாவைக் கொண்டுவந்து விட்டாங்க. அதுக்கப்புறம் பிறந்த குட்டிங்க தெம்பா வளர்ந்து, கூட்டம் மூணு மடங்காச்சு.

நம்ம சிங்கத்துக்கு அந்த வழியும் இல்லை. வேட்டைக்குத் தப்பின கொஞ்சத்தோட வாரிசுதான் இந்த 891-ம். ஆசியச் சிங்கம் காட்டுல வாழுறது உலகத்துலயே அங்கே மட்டும்தான். கிடா வாங்க வேற ஊரே கிடையாது. எல்லாம் ஒரே ரத்தம்னா, ஒண்ணைச் சாய்க்கிற நோய் எல்லாத்தையும் சாய்க்கும். 2018-ல சில வாரத்துல இருபதுக்கு மேல செத்துச்சு. அதுல சிலதுக்கு நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ் இருந்துச்சு. அதே வைரஸ் 1994-ல ஆப்பிரிக்காவோட செரெங்கெட்டியில மூணுல ஒரு பங்கு சிங்கத்தைக் கொண்டுபோச்சு.

அதனாலதான் 2013-லயே உச்ச நீதிமன்றம், கொஞ்சத்தை ஆறு மாசத்துல மத்தியப் பிரதேசம் குனோவுக்கு அனுப்பச் சொன்னது. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூடப் போகலை. குனோவுக்கு 2022-ல ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலி வந்து இறங்கிடுச்சு. பக்கத்து மாநிலத்துச் சிங்கத்துக்கு வழி பிறக்கலை!

"பர்தா காட்டுக்குப் போயிடுச்சே"ம்பீங்க. நல்லதுதான். ஆனா அதுவும் அதே குஜராத், பக்கத்துத் தோட்டம் மாதிரி. குனோவுக்குப் போனா மட்டும் புது ரத்தம் வந்துடாதுதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரே நோயில மொத்தமும் போகாது. விதைநெல்லை ஒரே குதிர்ல கொட்டி வைக்கிறவன் சம்சாரியா?

எங்க சிங்கம், எங்க பெருமைன்னு பிடிச்சு வெச்சிருக்கிறது பாசம் இல்லைங்க, வீம்பு. என் வீம்புக்குப் பாதிப் பட்டி போச்சு, மறுபடி சந்தையில ஆடு வாங்கினேன். சிங்கத்தை எந்தச் சந்தையில போய் வாங்குவீங்க?