காசோலையின் தேதியைப் படிக்க வேண்டியவர் யார்?

ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும், திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்களிலும், நெல் மண்டிகளிலும் சரக்கு இன்று கைமாறுவதும், அதற்குரிய பணம் ஒன்றிரண்டு மாதம் சென்று வருவதும் நெடுநாளைய வழக்கம்; அந்த இடைக்காலத்துக்கு ஜாமீனாக நிற்பது, வரப்போகும் நாள் ஒன்றைத் தேதியாகத் தாங்கிய காசோலையே. கடன் வாங்கியவர் தவணைக்காகவும், குடியிருப்பவர் வாடகைக்காகவும் இவ்வாறே எழுதிக் கொடுத்து வைக்கிறார்கள். கொடுப்பவர் விதிக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தேதி பிறக்கும் வரை என் கணக்கில் கை வைக்கக் கூடாது. அந்த நிபந்தனை காசோலையின் வலது மேல்மூலையில், எட்டுக் கட்டங்களில், எவரும் படிக்கும்படி பிரத்தியட்சமாக எழுதப்பட்டிருந்தும், 25-ஆம் தேதிக்குரிய காசோலை 5-ஆம் தேதியே பணமாகிவிடும் விபரீதம் நேரத்தான் செய்கிறது.

முன்கூட்டிப் போன அந்தத் தொகையோடு நஷ்டம் நின்றுவிடுவதில்லை. வீட்டுக் கடன் தவணை பிடிக்கப்படும் நாளில் கணக்கில் பணம் இராது. அதற்காக வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்த நிறுவனம் ஓர் அபராதமும் விதிக்கும். கடன் வரலாற்றிலும் கறை படியும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, வேறொரு வியாபாரிக்கு நாணயமாக எழுதிக் கொடுத்திருந்த காசோலை பணமின்றித் திரும்பி, இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளிக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் நோட்டீஸை, ஒரு பிழையும் அறியாத மனிதரின் வீட்டு வாசலில் கொண்டு சேர்ப்பதாகும்.

இவ்விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் காசோலை எழுதியவர் பக்கமே நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி, கேட்டவுடன் பணம் தரத்தக்கதாக இருப்பதே காசோலை. வருங்காலத் தேதியிட்டது அந்தத் தேதி வரும் வரை வெறும் மாற்றுச்சீட்டாகவே இருந்து, தேதி வந்த பிறகே காசோலை என்ற தகுதியை அடைகிறது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தேதிக்கு முன் வந்ததை வங்கி திருப்பியனுப்புவது வாடிக்கையாளருக்குக் காட்டும் தயவு அன்று; கடமை. அப்படித் திரும்பியதை வைத்துக்கொண்டு 138-ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்கவும் இயலாது. மேலும், பணம் கொடுத்துவிட்ட வங்கிக்கு அச்சட்டத்தின் 85-ஆம் பிரிவு அளிக்கும் பாதுகாப்பு, ஆவணத்தில் கண்டபடி, நல்லெண்ணத்தோடும் அஜாக்கிரதையின்றியும் கொடுத்த பணத்துக்கே உரியது. தேதியையே பாராமல் கொடுத்ததை ஆவணத்தில் கண்டபடி கொடுத்ததாக எந்த நியாயவாதி வாதிப்பார்? இடையில் வாடிக்கையாளர் பணம் தர வேண்டாமென்று எழுதினாலும், காலமாகிவிட்டாலும், முந்திக் கொடுத்த வங்கியே அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டும் என்பது வங்கியியல் நூல்கள் தலைமுறை தலைமுறையாகப் போதித்து வரும் பாடம். போதிய பணம் இருந்தும் காசோலையைத் திருப்பும் வங்கி, எழுதியவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று 31-ஆம் பிரிவு கூறுகிறது. தன் தவற்றாலேயே கணக்கைக் காலி செய்துவிட்டு, பிறகு பணமில்லை என்று கையை விரிக்கும் வங்கி அப்பிரிவுக்குத் தப்பிவிடலாம் என்பது நியாயமாகாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் தவறு நேர்வதற்குக் காரணம், தேதியைப் படிக்கும் கண் அரிதாகி வருவதுதான். காசோலை இப்போது ஊர் விட்டு ஊர் போவதில்லை, அதன் பிம்பமே போகிறது. அடியில் காந்த மையால் அச்சிட்ட எண்களை இயந்திரம் நொடியில் வாசித்துவிடும், ஆனால் கையால் எழுதிய தேதியை ஒருவர் நின்று பார்த்தாக வேண்டும். 2025 அக்டோபர் 4 முதல், பகலில் குறித்த நேரத்துக்குள் செலுத்தப்படும் காசோலைக்கு அன்று மாலை 7 மணிக்குள் பணம் தர வேண்டிய வங்கி விடை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். பணம் பெறுவோருக்கு இது பெரும் உபகாரம் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் மௌனமே சம்மதமாகிவிடும் இந்த ஏற்பாட்டில், கவனிக்கத் தவறியதன் பலனை அனுபவிப்பவர் வாடிக்கையாளரே.

அமெரிக்காவில் இயந்திர வேகத்துக்குச் சட்டமே வளைந்து கொடுத்துவிட்டது. அங்கே 1990-இல் திருத்தப்பட்ட ஒருசீர் வணிகச் சட்டத்தொகுப்பின்படி, இன்ன காசோலை இன்ன தேதிக்குரியது என்று வாடிக்கையாளர் முன்னதாகவே அறிவித்திருந்தாலன்றி, வங்கி தேதிக்கு முன் பணம் கொடுத்ததைக் குற்றமாகக் கருத முடியாது. ஆனால் பிறருக்காகக் கடன் வசூலிக்கும் முகவர், தேதிக்கு முன் காசோலையைச் செலுத்துவதையும், செலுத்திவிடுவேன் என்று மிரட்டுவதையும் 1977-ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது. முன்னது நமக்கு வேண்டாதது, பின்னது வேண்டியது.

நம்மவர் செய்துகொள்ளத்தக்க தற்காப்பும் உண்டு. கடன் கொடுப்பவரின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கி, தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பவர், மேலே சொன்ன உரிமைகளில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே தத்தம் செய்துவிடுகிறார். மனமுவந்து கொடுத்த வெற்றுக் காசோலையும் கடனைத் தீர்க்கவே தரப்பட்டதென்று அனுமானிக்கப்படும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ‘பாசிட்டிவ் பே’ முறையில், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றை வங்கிக்கு முன்னதாகவே தெரிவித்து வைக்கலாம். தெரிவித்ததற்கு மாறாக நடந்தால் வங்கி சொல்லத்தக்க சமாதானம் குறைவு. தவறு நேர்ந்துவிட்டால், வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, காசோலையின் பிம்பத்தையும் கேட்டு வாங்க வேண்டும். 30 நாளில் திருப்தியான பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் வழி உண்டு.

ஆனால் 20 நாள் பணம் முடங்கிய சிறு வியாபாரி, ஆணையத்தின் படியேறி வாய்தாக்களுக்கு அலைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயம்? ஏ.டி.எம். இயந்திரம் பணம் தராமலே கணக்கில் பற்று வைத்துவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி சரி செய்ய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. அதே ஏற்பாட்டை இதற்கும் விரிவாக்க வேண்டும்: தேதிக்கு முன் கொடுத்த தொகை, பற்று வைத்த நாளிலிருந்தே கணக்கில் இருந்ததாகக் கொண்டு திரும்ப வைக்கப்பட வேண்டும், அதனால் விளைந்த கட்டணங்களையும் அபராதங்களையும் வங்கியே ஏற்க வேண்டும், பணமின்றித் திரும்பிய மற்றக் காசோலைகளைப் பெற்றவர்களுக்கு, தவறு தன்னுடையதே என்று வங்கி கடிதம் எழுத வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை ஒன்றே போதும். அதனைக் காலதாமதமின்றிப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.