விரதமும் மூச்சு மருந்தும்

மாசி மாதத்து மகா சிவராத்திரி வெள்ளகோவில் வட்டாரத்தில் தனிச் சிறப்புடையது. வீரக்குமாரசுவாமி கோயில் தேர்த்திருவிழா அந்நாளையொட்டியே நடைபெறும். காங்கேயம், மூலனூர், கரூர்ப் பக்கங்களிலிருந்து மக்கள் வந்து குவிவார்கள். சுற்றியுள்ள சிற்றூர்ச் சிவாலயங்களிலும் அன்றிரவு நான்கு கால பூசை உண்டு. கண் விழிப்போரில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள்.

அத்தகைய சிற்றூர் ஒன்றின் சிவாலயத்தில், இரண்டாம் காலப் பூசை முடிந்த வேளையில் ஒரு பெரியவர் தூணருகே போய் உட்கார்ந்தார். வயது எழுபத்திரண்டு. இளமையில் நூற்பாலையில் பஞ்சடிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். ஆஸ்துமா என்று மருத்துவர் உறுதி செய்து, இரண்டு இன்ஹேலர்களை எழுதிக் கொடுத்து ஓராண்டாகியிருந்தது. அன்று காலை முதல் இரண்டையுமே அவர் தொடவில்லை. வீட்டார் நினைவூட்டியபோது, "மருந்து வாயில பட்டா வெரதம் முறிஞ்சு போகுமுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாசி மாதத்துப் பின்னிரவுக் குளிர், கற்பூரப் புகை, சாம்பிராணி, கூட்டத்தின் புழுதி ஆகிய எல்லாம் சேர்ந்துகொண்டன. இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, முன்புறம் குனிந்து, தோள்கள் ஏறி இறங்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்த அவரைப் பேரன்தான் முதலில் கண்டான். "அப்பாரு, என்னங்க பண்ணுது?" என்று கேட்டதற்கு, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவரால் இயலவில்லை. பையன் வீட்டுக்கு ஓடி நீல நிற இன்ஹேலரை எடுத்து வந்தான். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முறை உள்ளிழுத்த பின், கால்மணி நேரத்தில் தோள்கள் தணிந்தன. அதன் பிறகுதான் பெரியவர் அழுதார். மூச்சு முட்டியதற்காக அன்று; முப்பத்தெட்டு ஆண்டுகள் தவறாமல் காத்த விரதம் அன்று முறிந்துவிட்டதே என்று.

அருகில் வந்த சிவாச்சாரியார், "முறியலைங்க. பெரியவங்க மருந்துக்கு வெலக்கு குடுத்துத்தான் வெச்சிருக்காங்க" என்றார்.

அவர் ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அன்று அது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், விதுரர் திருதராட்டிரனுக்கு உரைக்கும் நீதிகளுள், விரதத்தைக் கெடுக்காதவை எனச் சில பொருள்கள் எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவற்றோடு குருவின் சொல்லும் மருந்தும் அப்பட்டியலில் இடம் பெறுகின்றன. உண்ணாமை என்பது உணவைப் பற்றியது.  ஆயினும் ஏகாதசியன்றும் சஷ்டியன்றும் சர்க்கரை நோய் மாத்திரையையும் மூச்சு மருந்தையும் ஒதுக்கி வைக்கும் அன்பர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். நீர் கூட அருந்தாத விரதம் என்றாலும், உள்ளிழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்புவதில் விரதத்திற்கு ஊறு ஏதுமில்லை. (சர்க்கரை மாத்திரையின் கதை வேறு, உணவைக் குறைக்கும் நாளில் அதன் அளவை மாற்ற வேண்டியிருக்கும். மருத்துவரை முன்னதாகவே கேட்டுக்கொள்வது முறை.)

ஆஸ்துமா புதிய நோயும் அன்று. கொங்கு நாட்டில் இதை இழுப்பு என்றும் இளைப்பு என்றும் சொல்வார்கள். சரக சம்ஹிதை இதைத் தமக சுவாசம் என்று குறிக்கிறது. படுத்தால் துன்பம் மிகும், எழுந்து உட்கார்ந்தால் சற்றுச் சுகம் தோன்றும், மேகமூட்டமும் குளிர்ச்சியும் கீழைக்காற்றும் நோயை வளர்க்கும், வெம்மையை நோயாளி விரும்புவார் என்றெல்லாம் அதில் கூறப்பட்டுள்ளது. தூணருகே குனிந்து உட்கார்ந்த பெரியவரின் தோற்றம் அந்நூலில் அப்படியே இருக்கிறது.

மூச்சுக் குழாய்களின் உட்சுவர் இந்நோயாளிகளுக்கு எப்போதும் சற்றே வீங்கிச் சிவந்திருக்கும். தொல்லை தெரியாத நாளிலும் அவ்வாறே. புகையோ தூசியோ குளிர்காற்றோ சளிக்காய்ச்சலோ தூண்டும்போது, குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உள்ளே சளி சுரக்கிறது, வழி குறுகுகிறது. மூச்சை உள்ளே இழுப்பதைக் காட்டிலும் வெளியே விடுவதுதான் அப்போது பெரும்பாடு. "உய்" என்ற சீழ்க்கை ஒலி எழுவது அந்தக் குறுகலான வழியில் காற்று செல்வதனால்தான்.

இதில் இறுக்கம் ஒன்று, வீக்கம் ஒன்று என இரண்டு கேடுகள் இருப்பதால்தான் மருத்துவர் இரண்டு இன்ஹேலர்களைக் கொடுக்கிறார். நீல நிறத்தில் பெரும்பாலும் கிடைக்கும் நிவாரண இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். இது இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை செய்து, நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பயன் தரும். மற்றொன்று தடுப்பு இன்ஹேலர். அதிலுள்ள ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தை மெல்ல மெல்லத் தணிக்கும். அன்றாடம் எடுத்தால்தான் பலன். எடுத்தவுடன் எந்தச் சுகமும் தெரியாது. தெரியாததால்தான் பலரும் அதை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கூரை ஒழுகுவதைச் சரிசெய்யாமல் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பான செயல் இது.

நிவாரண இன்ஹேலர் இன்றைய வடிவுக்கு வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. கையால் பிழிந்து மருந்தைத் தெளிக்கும் கண்ணாடிக் கருவியோடு அவள் அல்லற்பட்டாள். தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பானைப் போல மருந்தையும் ஏன் அடைக்கக் கூடாது என்று 1955ஆம் ஆண்டில் அவள் தந்தையைக் கேட்டாள். மறு ஆண்டே அளவான மருந்தை ஒவ்வோர் அழுத்தத்திலும் வெளியிடும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. சால்பியூட்டமால் வந்தது 1969இல்.

ஆனால் வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. 1960களில் இங்கிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. அக்காலத்தில் வழங்கிய வலிமை மிகுந்த நிவாரண இன்ஹேலர்கள் மீது ஐயம் விழுந்தது. அவை தந்த தற்காலிகச் சுகத்தை நம்பி மருத்துவரிடம் செல்லக் காலந்தாழ்த்தியதும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பின், ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு 2019ஆம் ஆண்டில் தன் பழைய அறிவுரையை மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கு நிவாரண மருந்து மட்டும் தனித்துப் போதாது, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டும் ஏதேனும் ஒரு வகையில் உடன் இருந்தே ஆகவேண்டும் என்பது இன்றைய நிலை. இரண்டும் கலந்த ஒரே இன்ஹேலரை மருத்துவர்கள் சிலருக்கு எழுதுவது இதனால்தான்.

ஸ்டீராய்டு என்றதும் அஞ்சுவோர்க்கும், இன்ஹேலர் பிடித்தால் பழக்கமாகிவிடும் என்று மாத்திரையைக் கேட்டு வாங்குவோர்க்கும் ஒரு சிறு கணக்கு. சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். நாற்பது அழுத்தங்களுக்கு நிகரான மருந்தை ஒரே மாத்திரையாக விழுங்கி, அதை இரத்தத்தின் வழியே உடல் முழுதும் சுற்றவிட்டு, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்று வருந்துவதில் பொருளில்லை. நுரையீரலுக்கு வேண்டியதை நுரையீரலுக்கே அனுப்புவதுதான் இன்ஹேலர். ஸ்டீராய்டுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கருவி நல்லதாயினும் பிடிக்கும் முறை தவறினால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, மூச்சை முடிந்தவரை வெளியே விட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வ வேண்டும். பிறகு மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்தி, இழுப்பதைத் தொடர்ந்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது முறைக்கு அரை நிமிடமாவது இடைவெளி தேவை. கை நடுங்கும் முதியவர்களுக்கு இந்த ஒத்திசைவு எளிதன்று. அவர்களுக்காகவே ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. அதில் மருந்தை அழுத்திவிட்டு, இயல்பாக நான்கைந்து மூச்சு இழுத்தால் போதும். அதைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் உட்சுவரில் மின்னூட்டம் ஏறி மருந்து ஒட்டிக்கொள்ளும்.

காப்ஸ்யூலில் பொடியை வைத்து இழுக்கும் கருவி வேறு வகை. அதில் மெதுவாக அன்று, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அந்தக் காப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் முதியவர்களை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். சைவ உணவு உண்போர்க்கு மற்றொரு தயக்கமும் உண்டு. காப்ஸ்யூல் கூடு சிலவற்றில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனது. தாவரப் பொருளால் செய்தவையும் உண்டு. எதுவாயினும் கூடு கருவியிலேயே தங்கும். உள்ளே செல்வது மருந்தும், அதனோடு கலந்த பாற்சர்க்கரையும் மட்டுமே. அப்போதும் மனம் ஒப்பாதவர் காப்ஸ்யூல் இல்லாத இன்ஹேலரைக் கேட்டுப் பெறலாம்.

நிவாரண இன்ஹேலரில் பொதுவாக 200 அழுத்தங்கள் இருக்கும். எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லாத கருவி என்றால், வாங்கிய நாளையும் பயன்படுத்திய எண்ணையும் வங்கிப் புத்தகம்போல் ஒரு சிறு தாளில் குறித்து வருவது நல்லது. மருந்து தீர்ந்த பின்னும் வெறும் வாயு வந்துகொண்டிருக்கும். குலுக்கிப் பார்த்து அறிய முடியாது. அக்கணக்கு இன்னொன்றையும் சொல்லும். ஓராண்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் தீர்கின்றன என்றால் நோய் கட்டுக்குள் இல்லை, கடும் இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். அப்போது நான்காவதை வாங்க மருந்துக்கடைக்குச் செல்லாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதுமையில் எல்லா மூச்சிரைப்பும் ஆஸ்துமா ஆகிவிடாது. நெடுங்காலம் புகைத்தவர்க்கும், விறகடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு வரும். இதயம் தளர்ந்தாலும் இரவில் மூச்சு முட்டும். ஊதிக்காட்டும் சோதனை ஒன்றைச் செய்தே மருத்துவர்கள் பிரித்தறிவார்கள். வெள்ளகோவில், திருப்பூர்ப் பகுதிகளில் நூற்பாலையிலும் விசைத்தறியிலும் உழைத்தவர்கள் அந்த விவரத்தைத் தவறாமல் சொல்ல வேண்டும். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசி நோயின் பழைய அடையாளம்.

பலர் அறியாத ஒன்று கண் சொட்டு மருந்து. கண்ணழுத்த நோய்க்குத் தரும் டைமோலால் சொட்டு, ஒரு துளியே ஆயினும், இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கக் கூடும். இதயத்துக்குத் தரும் சில மாத்திரைகளும், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு அவ்வாறே செய்யும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் கண் மருத்துவரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லியே ஆகவேண்டும். மூச்சு மருத்துவரிடம் கண் சொட்டையும் காட்ட வேண்டும்.

திருக்கோயிலில் இழுப்பு வந்தால், நோயாளியைப் படுக்க வைக்காமல், புகையில்லாத இடத்தில் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். சுற்றிக் கூடி நிற்பவர்கள் விலகிக் காற்றுக்கு இடம் தர வேண்டும். நிவாரண இன்ஹேலரை ஒவ்வொரு அழுத்தமாக, அரை நிமிடம் முதல் ஒரு நிமிட இடைவெளியில், பத்து வரை தரலாம். பேச முடியாமை, உதடு நீலம் பாரித்தல், சீழ்க்கை ஒலி திடீரென அடங்கியும் மூச்சு சீராகாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பத்து முடியும்வரை காத்திராமல் 108ஐ அழைத்துவிட வேண்டும்.

அந்தப் பெரியவர் அடுத்த பிரதோஷத்திற்குக் கோயிலுக்கு வந்தார். தீபாராதனையின்போது கருவறைக்கு நேரே நிற்காமல், காற்றோட்டமுள்ள வாயிற்படியோரம் நின்று வணங்கினார். சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு நீல இன்ஹேலரும் இருந்தது. தடுப்பு இன்ஹேலரை வீட்டில் பூசைக்கு முன் எடுத்து, வாய் கொப்பளித்து, அதன் பிறகே பல் துலக்கி நீராடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து போகவேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை. மருத்துவர் சில நிபந்தனைகளோடு இசைந்திருக்கிறார்: நடைக்கு முன் இரண்டு அழுத்தம், வெயிலுக்கு முன் ஓய்வு, மலையேற்றம் இழுவை ரயிலில். கடைசி நிபந்தனையைப் பற்றித்தான் வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.