வெயிலில் விழுந்தவனின் கணக்கு எங்கே?

கோடை வந்துவிட்டது. தகரக் கூரையின்கீழ்க் குடும்பம் நடத்தும் நம் மக்களுக்கு இதைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. விடியற்காலையில் குழாயடியில் நிற்கும்போதே சட்டை நனைந்துவிடுகிறது.

"வெயில் நமக்குப் புதிதா? திருநெல்வேலிச் சீமையில் பார்க்காத வெயிலையா இங்கே பார்த்துவிட்டோம்?" என்று நம் மூத்த உறுப்பினர்கள் சிரிக்கிறார்கள். செயற்குழுவில் இந்தப் பேச்சை எடுத்தபோதும் இதே சிரிப்புதான் எழுந்தது. சம்பள உயர்வு, குடியிருப்பு உரிமை, தமிழ்ப் பள்ளி, இட ஒதுக்கீடு என்று ஆயிரம் இருக்க, வெயிலைப் பற்றித் தலையங்கமா என்று கேட்ட தோழர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

அகமதாபாத்தை எடுத்துக்கொள்வோம். மணிநகரிலும் சுற்றுப்புறத்திலும் நம் தமிழர் வாழும் நகரம் அது. 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. மக்கள் செத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர் என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. பின்னர் ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். எந்த மருத்துவரிடமும் போய், "இவர் வெயிலால் இறந்தாரா?" என்று கேட்கவில்லை. நகராட்சிப் பதிவேட்டில் அந்த மாதம் பதிவான சாவுகள் அனைத்தையும் எண்ணினார்கள். முன்னும் பின்னுமுள்ள ஆண்டுகளின் மே மாதக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். வழக்கமாக 3,118 சாவுகள் நேரும் மாதத்தில் அவ்வாண்டு 4,462 சாவுகள் நேர்ந்திருந்தன. மே 21 அன்று ஒரே நாளில் மட்டும் 310 பேர். ஆக, ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில் 1,344 உயிர்கள் கூடுதலாகப் போயின!

இந்த 1,344 பேர் ஒரு ரயில் விபத்தில் இறந்திருந்தால் மந்திரிகள் பறந்து வந்திருப்பார்கள். விசாரணைக் கமிஷன் அமைத்திருப்பார்கள். ஆனால் இவர்கள் தனித்தனியாக, தத்தம் வீட்டுக் கட்டிலில், சாலையோரத்தில், வேலைத்தளத்து மணல் குவியலருகில் இறந்தார்கள். மாரடைப்பு என்று எழுதினார்கள். சிறுநீரகம் பழுது என்று எழுதினார்கள். முதுமை என்று எழுதினார்கள். பொய்யென்று சொல்வதற்கில்லை. வெப்பம் தனியாக வந்து கழுத்தை நெரிப்பதில்லை. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது; அதற்காக இருதயம் இரட்டிப்பு வேலை செய்கிறது; வியர்வையில் நீரும் உப்பும் போகப் போகச் சிறுநீரகம் வற்றுகிறது. எந்த உறுப்பு ஏற்கெனவே பலவீனமோ அது முதலில் நின்றுவிடுகிறது. சான்றிதழில் அந்த உறுப்பின் பெயர்தான் ஏறுகிறது.

அந்தச் சான்றிதழாவது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 விழுக்காடுதான். 2021-இல் உலக விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து 43 நாடுகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்து, 1991 முதல் 2018 வரையிலான வெப்பச் சாவுகளில் 37 விழுக்காடு மனிதர் ஏற்படுத்திய காலநிலை மாற்றத்தால் நேர்ந்தவை என்று சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கும் தெற்காசியாவின் பெரும்பகுதிக்கும் போதிய விவரம் இல்லாததால் சேர்க்க இயலவில்லை என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதிகம் வெந்து சாகும் மக்கள் எவரோ, அவர்களுக்குத்தான் கணக்கில் இடமில்லை. ஏழை உயிரோடிருக்கும்போது ரேஷன் அட்டையில் பெயரேற்ற அலைகிறான். செத்தபிறகும் ஏட்டில் ஏற வழியில்லை.

அகமதாபாத்தில் இன்னொன்றும் கண்டார்கள். அதைப் படித்தபோது நமக்கு இரவு தூக்கம் வரவில்லை. அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் அந்த 2010 கோடையில் உடம்பு கொதித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தன. வெப்பம் 42 டிகிரியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் இப்படி வரும் குழந்தைகளின் எண்ணிக்கை 43 விழுக்காடு உயர்ந்தது. காரணம் தேடியபோது, பிரசவ வார்டு கட்டடத்தின் உச்சி மாடியில், நேரே மொட்டை மாடியின் கீழ் இருந்தது தெரியவந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான்! புதிய மருந்து இல்லை, அயல்நாட்டு இயந்திரம் இல்லை. வெப்பத்தால் வந்து சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை 64 விழுக்காடு குறைந்துவிட்டது. சூடான கூரைக்கும் குழந்தைக்கும் நடுவே இடைவெளி வைத்தால் குழந்தை பிழைக்கிறது. கூரைக்கும் குழந்தைக்கும் நடுவே எதுவுமே இல்லாத நம் குடிசைகளை அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆய்வுகள் அலமாரியில் தூங்கவில்லை என்பது ஆறுதல். 2013-இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நாட்டின் நகரங்களில் இதுவே முதலாவது. 41 டிகிரியைத் தாண்டினால் ஒரு நிறம், 43-ஐத் தாண்டினால் இன்னொரு நிறம், 45-ஐ எட்டினால் சிவப்பு என்று முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவமனைகளுக்கு முன்கூட்டியே தகவல், கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. பெரிய செலவில்லாத காரியங்கள். ஆண்டுக்குச் சராசரி 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஒரிசா மாநிலத்தாரும் இதில் முன்னோடிகளே. 1998 கோடையில் 2,042 பேரைப் பறிகொடுத்த பிறகு அவர்கள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்து சாவைப் பெருமளவு குறைத்தார்கள். ஆக, தலைவிதி என்று கைகட்டி நிற்க வேண்டிய விஷயமல்ல இது.

இனி நம் சொந்த ஊர்களுக்கு வருவோம். 2008 முதல் 2019 வரை பத்து இந்திய நகரங்களில் நேர்ந்த ஏறத்தாழ 36 லட்சம் சாவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2024-இல் வந்தது. மும்பை, புனே, அகமதாபாத், டில்லி, கல்கத்தா, பெங்களூர், ஐதராபாத், சென்னை, வாரணாசி, சிம்லா. கடைசி இரண்டை விட்டுவிட்டால் நம் சங்கக் கிளைகளின் பட்டியலை யாரோ நகலெடுத்ததுபோல் இருக்கிறது! கடும் வெப்பம் இரண்டு நாள் தொடர்ந்தாலே அன்றாடச் சாவு 14.7 விழுக்காடு கூடுகிறது. இந்நகரங்களில் வெப்ப அலையால் ஆண்டுக்கு 1,116 பேர் சாகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு.

மும்பை கடலோர நகரம், இங்கே காற்றடிக்கும் என்று நினைப்பது தவறு. கடற்கரையில் ஈரப்பதம்தான் எமன். வியர்வை வழிகிறது, காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால்தான் வானிலைத் துறை சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 டிகிரி என்றும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் மாநில அரசின் விருது விழாவுக்குப் பல லட்சம் மக்களைத் திறந்தவெளியில் உட்கார வைத்தார்கள். அன்றைய வெப்பம் 38 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. 14 பேர் மாண்டார்கள். மேடைக்குக் கூரை இருந்தது.

வெயிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அடிப்பதில்லை, தோழர்களே! மாட்டுங்காவும் தாராவியும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். இரண்டிலும் தமிழர்கள். அங்கே மர நிழலும், கோயிலும், காப்பிக் கடையும். இங்கே தோல் பதனிட வந்த நம் பாட்டன்மார் சதுப்பு நிலத்தைத் தூர்த்துப் போட்ட குடிசைகள். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது தாராவியின் மேற்பரப்பு மாட்டுங்காவைவிட ஏறத்தாழ 5 டிகிரி கூடுதலாகச் சுடுவது தெரிந்தது. ஒரு ரயில் பாதைதான் நடுவே! ஒரே மொழி பேசுகிறோம், ஒரே பொங்கல் கொண்டாடுகிறோம். ஆனால் ஒரே வெயிலில் வாழவில்லை. இந்த 5 டிகிரியைத் தீர்மானித்தது சூரியனா, அல்லது யார் எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானித்த சாதியும் காசுமா?

சரி, வெயில் என்றும் இருந்ததுதானே, காலநிலை மாற்றம் என்று ஏன் பெரிய பெயர் என்று கேட்கலாம். 2022 மார்ச் மாதம் இந்தியாவில் 122 ஆண்டுகளில் இல்லாத வெப்பத்தோடு கழிந்தது. அந்த வெப்ப அலை நிகழும் வாய்ப்பை மனிதர் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் ஏறத்தாழ 30 மடங்கு கூட்டியிருந்தன என்று ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார்கள். நூறாண்டுக்கு மேலாக அதை எரித்து மாடமாளிகை கட்டிய நாடுகள் ஒரு பக்கம். குளிர்சாதனப் பெட்டியை ஓட்டி அதன் அனற்காற்றை நம் சந்துக்குள் ஊதும் கண்ணாடிக் கட்டடங்கள் இன்னொரு பக்கம். கொசுவும் இதில் பங்கு கேட்கிறது. புனேயில் டெங்குச் சாவுகளை மழை, வெப்பம், ஈரப்பதத்தோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2025-இல் வெளிவந்திருக்கிறது. அதைப் பற்றி மழைக்கால இதழில் தனியே எழுதுவோம்.

வேலைத்தளத்து வெயிலைப் பற்றி நல்ல ஆய்வுகள் தாய்த் தமிழகத்திலேயே நடந்திருக்கின்றன. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் உப்பளத் தொழிலாளர் 352 பேரைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்தார்கள். 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. உழைக்கும் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கொடியது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் இரு மடங்கு. பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்று மேஸ்திரிகள் குறை சொல்கிறார்கள். வேலைத்தளத்தில் கழிப்பிடம் கட்டாதவன் இதைச் சொல்லலாமா? குடித்தால் எங்கே போவாள்?

இப்போது நம்மை நேரடியாகத் தொடும் இடத்துக்கு வந்துவிட்டோம். ஆய்வாளர்கள் எண்ணுவது நகரத்துப் பதிவேட்டை. ஆனால் நம் ஆள் நகரத்திலா சாகிறான்? கட்டட வேலையில் பத்துக் கோடை கழித்தவனுக்குக் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, மருத்துவர் டயாலிசிஸ் என்கிறார். இங்கே கட்டுபடியாகாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறுகிறான். ஆறு மாதத்தில் கடிதம் வருகிறது. அந்தச் சாவு தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பஞ்சாயத்து ஏட்டில் ஏறுகிறது. மும்பையின் கணக்கில் அவன் இல்லை. ஊரின் கணக்கில் அவன் வெயிலால் சாகவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. வரவேற்கிறோம். ஆனால் வேற்று மாநிலத்து வெயிலை உடம்பில் சுமந்து ஊர் திரும்பிச் சாகும் தமிழனுக்கு அந்த ஆணையில் என்ன வழி? அவனை வேலை வாங்கிய மாநிலமும் கைவிரிக்கும், பெற்றெடுத்த மாநிலமும் கைவிரிக்கும் என்றால் அவன் யார் கணக்கு?

கேரளத்தில் ஆண்டுதோறும் கோடையில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று தொழில்துறை ஆணையிடுகிறது. வளைகுடாவின் மன்னர்கள்கூடக் கோடையில் மதிய வேலைக்குத் தடை விதித்திருக்கிறார்கள். நம் கட்டடத் தொழிலாளருக்கு அந்த மூன்று மணி நேர ஓய்வு, கூலி குறையாமல், வேண்டும். வெப்ப எச்சரிக்கைகள் தமிழர் குடியிருப்புகளில் தமிழிலும் வர வேண்டும். புரியாத மொழியில் வந்த எச்சரிக்கை வராத எச்சரிக்கையே.

ஆனால் அரசாங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஓய்ந்தால் நாம் நேர்மையற்றவர்களாவோம். நம்மவரை வெயிலில் நிறுத்தும் ஒப்பந்தக்காரர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். நம் ஆண்டு விழா மலரில் முழுப்பக்க விளம்பரம் தருபவர்கள் அவர்களில் உண்டு. ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்ததற்கு அரை நாள் கூலி பிடித்ததாக வந்த புகார்கள் நம் அலுவலக மேசையில் இருக்கின்றன. விளம்பரம் நின்றாலும் நிற்கட்டும், அவர்களை அழைத்துப் பேசுவதென்று முடிவு செய்திருக்கிறோம். சென்ற ஆண்டு மே மாதத்தில் பகல் ஒரு மணிக்கு ஊர்வலத்தைக் கிளப்பியதும் நாம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர் மயங்கி விழுந்தார்கள். "பசி மயக்கம்" என்று சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். இனி மார்ச் முதல் ஜூன் வரை சங்க நிகழ்ச்சிகள் மாலை ஆறு மணிக்குமேல்தான்.

இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறோம். அகமதாபாத் ஆய்வாளர்கள் செய்தது எண்ணியதுதான். அதை நாமும் செய்யலாம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் அனுப்பப்படுகிறது. இந்தக் கோடையில் தம் பகுதியில் இறந்தவர், மயங்கி விழுந்தவர், நோயோடு ஊர் திரும்பியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: தேதி, வயது, தொழில், கடைசியாக வேலை செய்த நேரம், வீட்டுக் கூரை தகரமா ஓடா காங்கிரீட்டா, மருத்துவர் என்ன எழுதினார். ஊர் திரும்பியவருக்கு அவருடைய ஊர் முகவரியும் வேண்டும். பொங்கலுக்குப் போகும் தோழர்கள் விசாரித்து வருவார்கள். சோகத்தில் இருக்கும் வீட்டில் கேள்வி கேட்பது எளிதல்ல என்பது தெரியும். பதினாறாம் நாள் கழித்துப் போகலாம். பெண் தோழர் ஒருவரும் உடன் செல்வது நல்லது. கிளைச் செயலாளர்கள் ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பொதுக்குழுவுக்கு நோட்டுகளோடு வர வேண்டும். ஒரு வரியும் எழுதப்படாத நோட்டானாலும் கொண்டு வாருங்கள்.