பாதை அகலம் ஒத்துவராத லெப்டொப்

யட்டியாந்தோட்டைக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. தேயிலையும் றப்பரும் ஏற்றிப்போகப் போட்ட களனிவெளிப் பாதை அது. அகலம் இரண்டரை அடி. மலைநாட்டுக்குப் போகும் பிரதான பாதைக்கோ ஐந்தரை அடி. எஞ்சினிலும் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை. ஆனாலும் இதன் பெட்டி அதில் ஓடாது. அந்தத் தண்டவாளம் போய்விட்டது. அந்தச் சங்கடம் மட்டும் இப்போது தோட்டத்துப் பிள்ளைகளின் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்காது. ஆகவே அலுவலகங்கள் கழித்துவிடும் லெப்டொப்புகளும், வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொடுத்துவிடுபவையும் இன்னும் சில வருடம் உழைக்க வேண்டுமானால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான் வழி. போடுகிறோம். திரை வருகிறது, தமிழ் எழுத்து வருகிறது, வைஃபை மட்டும் வருவதில்லை. "லினக்ஸ் சரிவராது" என்று மூடி வைத்துவிட்டு, பால்வெட்டப் போன அம்மாவின் போன் வீட்டுக்கு வரும்வரை பிள்ளை காத்திருக்கிறது.

குற்றம் லினக்ஸின்மேல் மட்டும் இல்லை. வைஃபை கார்டு வேலை செய்ய, அதோடு பேசத் தெரிந்த டிரைவர் என்ற நிரல் வேண்டும். பல கார்டுகளுக்கு, சிப்புக்குள் ஏற்றும் ஃபேர்ம்வெயார் என்ற கோப்பும் வேண்டும். வைஃபை சிப் செய்யும் புரோட்கொம் நிறுவனம் தன் சிப்பின் உள்விவரத்தைப் பல வருடம் வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் அதன் போக்கைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்: ஒரு குழு விவரத்தை எழுத, இன்னொரு குழு அதை வாசித்து டிரைவர் எழுதியது. 2006இல் அது லினக்ஸின் மையமான கேர்னலில் சேர்ந்தது. 2010இல் நிறுவனமே புதிய சிப்புகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரைக் கொடுத்தது. ஆனால் பழைய கார்டுகளின் ஃபேர்ம்வெயாரை மற்றவர்கள் சேர்த்து விநியோகிக்க அனுமதி இல்லை. பயனரே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும், கோப்புக்கு வைஃபை வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

கொள்கைப் பிடிவாதத்துக்குப் பேர்போன டெபியன் என்ற லினக்ஸ் வகையினர்கூட 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, மூலநிரல் திறக்கப்படாத ஃபேர்ம்வெயாரையும் நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து அது நடைமுறை. கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கார்டு ஓடாத பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அது சரியாகவே படுகிறது.

நாம் செய்ய வேண்டியது இதைவிடச் சின்ன வேலை. லெப்டொப் கொடுப்பவர்கள் படம் எடுப்பதற்குமுன் லினக்ஸ் போட்டு வைஃபை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். வராவிட்டால், லினக்ஸோடு ஒத்துப்போகும் யூ.எஸ்.பி. வைஃபை துண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பாடசாலைக் கணினி அறையில் நல்ல டேட்டா கேபிள் ஒன்று கிடக்கட்டும்: அன்ட்ரொய்ட் போனைக் கேபிளால் இணைத்து 'யூ.எஸ்.பி. டெதரிங்'கை ஓன் பண்ணினால், பெரும்பாலும் வேறு டிரைவர் இல்லாமலே இணையம் கிடைக்கும். வேண்டிய கோப்பை அதன் வழியாக இறக்கலாம். தெரிந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் தரலாம். 2004 சுனாமி நேரத்தில் 'சஹானா' என்ற திறந்த மென்பொருளைச் சில நாட்களில் எழுதத் தொடங்கியவர்கள் இலங்கைத் தன்னார்வலர்கள்தான். பிறகு அது வெளிநாட்டுப் பேரிடர்களுக்கும் உதவியது.

எதைச் சரிசெய்தாலும் எழுதிவைக்க வேண்டும். 'எல்எஸ்பிசிஐ' (lspci) என்ற கட்டளையோடு '-nn' சேர்த்துத் தட்டினால் கார்டின் அடையாள எண் வரும். அந்த எண்ணையும், போட்ட டிரைவரின் பெயரையும், எது பலிக்கவில்லை என்பதையும் தமிழில் எழுதி லெப்டொப்பின் அடியில் ஒட்டிவிட்டு, பாடசாலைக் கொப்பியிலும் ஒரு பிரதி வைத்தால், அதே ரகம் அடுத்த தோட்டத்துக்கு வரும்போது அங்குள்ள பிள்ளை முதலிலிருந்து தேடத் தேவையில்லை.