கேட்கத் தெரிந்த குரங்கு

மைசூரு–ஊட்டி சாலையை ஒட்டிய பந்திப்பூர்க் காட்டில் நாட்டுக்குரங்குகள் சில, தின்பண்டம் வைத்திருக்கும் ஆளைப் பார்த்துக் கையை நீட்டுகின்றன. கூடவே ‘கூ’ என்று மெல்லக் குரல் கொடுக்கின்றன. கூட்டத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பு விட்டுப்போகாமலிருக்க எழுப்பும் குரல், இங்கே மனிதரிடம் சாப்பாடு கேட்கப் பயன்படுகிறது. பெங்களூரு தேசிய மேம்பட்ட ஆய்வுகள் நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திய சின்ஹாவும் அத்வைத் தேஷ்பாண்டே, ஸ்ரீஜாதா குப்தா ஆகியோரும் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டனர். குரங்கு எதிராளியின் பக்கம் திரும்பி, அவர் கவனிக்கிறாரா என்று பார்க்கிறது. கிடைக்காவிட்டால் விடாமல் கேட்கிறது, கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறது. ஆக, இது தற்செயலான அசைவு அல்ல. ஒருவரைக் குறிவைத்துச் செய்யும் செயல்.

சென்னையின் கள்ளிக்குப்பம், ஆவடிப் பக்கம் எப்போதாவது மொட்டைமாடியில் தலைகாட்டுவதும் இதே இனம்தான். தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே இது இயற்கையாக வாழ்வதில்லை.

ஆனால் நீட்டிய கை குறியீடு ஆகாது. எட்டிப் பிடிக்கும் அசைவின் சாயல் அதிலேயே இருப்பதால், பார்த்தவுடன் பொருள் விளங்கிவிடும். பொருளோடு எந்த ஒற்றுமையும் இல்லாமல், வழக்கத்தால் மட்டுமே அதைச் சுட்டுவதுதான் குறியீடு. அந்த இடத்துக்குச் சற்று அருகில் வருவது எச்சரிக்கைக் குரல். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என வெவ்வேறு குரல் எழுப்புகின்றன. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டாலே மரமேறுவது, வானத்தைப் பார்ப்பது, தரையைத் துழாவுவது என்று அவை தக்கபடி நடந்துகொண்டதை சேஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980இல் காட்டினர். நம் நாட்டுக்குரங்கும் பின்தங்கவில்லை. சிறுத்தை, மலைப்பாம்பு உருவங்களைக் கண்டு அது எழுப்பும் குரல்கள் ஒலியமைப்பில் வேறுபடுவதை ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் குழுவினர் பதிவுசெய்தனர். கருமந்தியும் கடமானும் எழுப்பும் அபாயக் குரலையும் அது புரிந்துகொள்கிறது. எனினும் இக்குரல்கள் பெரும்பாலும் பிறவியிலேயே வருபவை. குரங்கு புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வது அரிது.

கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்ற சோதனை அமெரிக்காவில் நடந்தது. 1966இல் கார்ட்னர் தம்பதியர் வாஷோ என்ற சிம்பன்சிக்குக் காது கேளாதோரின் சைகைமொழியைப் பழக்கினர். சுமார் 130 சைகைகள் அதற்குப் பிடிபட்டன. இது எழுப்பிய பரபரப்பை அடக்கியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டெரஸ். தாம் வளர்த்த நிம் என்ற சிம்பன்சியின் வீடியோக்களை ஆராய்ந்து, அது பயிற்றுநரின் சைகைகளையே பெரிதும் திருப்பிச் செய்கிறது, தொடர் நீண்டாலும் பொருள் கூடுவதில்லை என்று 1979இல் எழுதினார். அறிவியலில் தன் திட்டத்தின் தோல்வியைத் தானே வெளியிடுவது அரிது. அதனாலேயே அந்தக் கட்டுரைக்கு எடை அதிகம்.

அதற்குப் பிறகும் எஞ்சி நிற்பது கான்சி என்ற போனோபோ வாலில்லாக் குரங்கு. வளர்ப்புத்தாய்க்குப் பாடம் நடக்கும்போது பக்கத்தில் விளையாடியபடியே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், சொற்களுக்குப் பதிலாகப் பலகையிலுள்ள வடிவங்களின் பொருளை அது கற்றுக்கொண்டது. 660 புதிய ஆங்கில வாக்கியங்களைச் சொல்லிச் செய்யவைத்தபோது கான்சி 72 சதவீதத்தைச் சரியாகச் செய்தது. இரண்டு வயதுக் குழந்தை 66 சதவீதம்! ஆனால் கான்சி தானாகச் சொன்னவற்றில் ஏறக்குறைய 96 சதவீதம் கேட்பதற்காகவே. ஒன்றைத் தெரிவிப்பதற்காகச் சொன்னது சொற்பம். பந்திப்பூரில் நீளும் கையும் கேட்கும் பக்கத்தில்தான் நிற்கிறது.

கேட்பது மட்டும்தான் என்றாலும் அதைத் தங்களுக்குள் நடத்திக்காட்டிய சிம்பன்சிகள் உண்டு. 1978இல் வெளியான சோதனையில் ஷெர்மன், ஆஸ்டின் என்ற இரண்டும் பெட்டியைத் திறக்க வேண்டிய கருவியை ஒன்றிடமிருந்து மற்றொன்று பலகையின் வடிவத்தைத் தொட்டுக் கேட்டு வாங்கின. கிடைத்த தீனியைப் பகிர்ந்துகொண்டன. பலகையை நிறுத்திவைத்ததும் தவறான கருவிகள் கைமாறத் தொடங்கின.