நல்ல பெயர் பூச்சியைத் தடுக்காது

ஏற்றுமதி இறக்குமதிக்காரர்கள் கூடும் இடங்களிலெல்லாம் பல ஆண்டுகளாக ஒரு வாசகம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது: "ஒழுங்காக நடப்பவர்களுக்குக் குறைவான சோதனை." மேடையில் யாராவது இதைச் சொன்னதும் கைதட்டல் எழும். அடுத்து, ஆஸ்திரேலியாவைப் பாருங்கள் என்பார்கள். பூச்சி, நோய் விஷயத்தில் உலகிலேயே கறாரான அந்த நாடே இப்படிச் செய்யும்போது நாம் ஏன் ஒவ்வொரு மூட்டையையும் கிளறிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மை. உலர் ஆப்ரிகாட், தோல் நீக்கிய எள், பச்சைக் காப்பிக்கொட்டை போன்ற குறிப்பிட்ட தாவரப் பொருள்களை இறக்குமதி செய்பவர், தொடர்ந்து சில சரக்குகளில் பூச்சியோ மண்ணோ களைவிதையோ இல்லாமல் தேறிவிட்டால், அடுத்து வரும் சரக்குகள் எல்லாம் சோதிக்கப்படுவதில்லை. அவற்றில் ஒரு பங்கு மட்டுமே பார்க்கப்படும். ஏதேனும் ஒன்றில் தவறினால் மீண்டும் முழுச் சோதனை. இதைத்தான் நன்னடத்தைக்குப் பரிசு என்கிறார்கள். இந்தப் பரிசை நான் அடியோடு எதிர்க்கிறேன். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: எல்லாப் பெட்டியையும் திறக்க முடியாது, ஆள் போதாது. ஆள் போதாவிட்டால் ஆள் எடுக்க வேண்டும். அரசு செலவழிக்க மறுப்பதை இயற்கை விதிபோலச் சொல்வது வாதம் ஆகாது.

இரண்டாவது வாதம்தான் இவர்களின் மூலபலம்: இதுவரை சுத்தமாக அனுப்பியவர் இனியும் சுத்தமாகவே அனுப்புவார். இந்தத் திட்டம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அதனால் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1943இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெரால்டு டாட்ஜ், தொழிற்சாலைக்காக ஒரு சோதனை முறையை வகுத்தார். வரிசையாக உற்பத்தியாகிவரும் பொருள்களில் தொடர்ந்து இத்தனை குறையில்லாமல் வந்தால், அதன்பின் எல்லாவற்றையும் பார்க்காமல் இடையிடையே ஒன்றைப் பார்த்தால் போதும். குறை தென்பட்டால் மறுபடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தரக்கட்டுப்பாட்டில் இது பெரிய சாதனை. ஆஸ்திரேலியாவின் உயிர்ப் பாதுகாப்புத் திட்டம் எடுத்தாள்வது இந்த முறையின் வழிவந்த கணக்கைத்தான்.

தொழிற்சாலைக்கு அது பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இயந்திரம் அதே, ஆள் அதே, மூலப்பொருளும் அதே. இன்று சரியாக ஓடும் இயந்திரம் நாளையும் அநேகமாகச் சரியாகவே ஓடும். தப்பித்தவறி ஒரு பழுதான பொருள் வெளியே போனால், அதை வாங்கியவர் திருப்பிக் கொடுப்பார். பழுதான தொலைபேசி முட்டை இடாது. பக்கத்து வீட்டுத் தொலைபேசியைப் பழுதாக்காது. பத்து வருடம் கழித்து ஒரு மாவட்டத்துத் தொலைபேசிகளையெல்லாம் தின்று தீர்க்காது.

பூச்சி இதற்கெல்லாம் நேர்மாறு. அது பருவம் பார்த்து வரும். போன வருடம் இல்லாத வயலில் இந்த வருடம் பெருகும். 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து கார்களை ஏற்றிக்கொண்டு ஆக்லாந்துக்கு வந்த கப்பல்களை நியூசிலாந்து அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். பழுப்பு நிற நாற்றப் பூச்சிகள் அவற்றில் கணிசமாக இருந்தன. குளிர்காலத்தைக் கழிக்க இடுக்குத் தேடும் பூச்சி அது. வாகனமும் இயந்திரமும் அதற்கு வசதியான வீடு. அந்தக் கார்களை இறக்குமதி செய்தவர்கள் திடீரென்று கெட்டவர்களாகிவிட்டார்களா? இல்லை. பழகிய வணிகம், பழகிய வழி. பூச்சிதான் அந்தப் பருவத்தில் அதிகமாக ஏறிவந்தது. பழைய பதிவேடு எத்தனை பளிச்சென்று இருந்தாலும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இதைவிடத் தெளிவான சாட்சி காப்ரா வண்டு. நம் இந்தியத் துணைக்கண்டத்து வண்டுதான் அது. வளர்ந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பார்த்தால் ஒரு பழுப்புப் பொட்டு. சேதம் செய்வது அதன் புழு. உடம்பெல்லாம் ரோமம். கோதுமை, அரிசி, பருப்பு என்று சேமித்த தானியத்துக்குள் இறங்கினால் மாவாக்கிவிடும். உரித்துப் போடும் தோலும் ரோமமும் தானியத்தில் கலந்து, மிச்சத்தையும் தின்ன முடியாததாக்கிவிடும். சாக்கின் மடிப்பு, பலகை இடுக்கு, கன்டெய்னர் தரையின் ஒட்டுப்பலகைக்கு அடியில் என்று எங்கே வேண்டுமானாலும் ஒண்டிக்கொள்ளும். சாப்பாடே இல்லாமல் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மீண்டும் தானிய வாசம் பட்டதும் எழுந்துகொள்ளும்.

2020இல் இந்த வண்டு ஆஸ்திரேலியாவில் எதில் வந்தது தெரியுமா? தானிய மூட்டையில் இல்லை. தலைநகர் கான்பெரா உட்பட சில இடங்களில் இறக்குமதியான குளிர்சாதனப் பெட்டியில் அதைக் கண்டுபிடித்தார்கள். குளிர்சாதனப் பெட்டி இறக்குமதி செய்பவர் தானியத்தைத் தொட்டே இருக்க மாட்டார். அவர் பதிவேட்டில் ஒரு கறையும் இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை, ஒளிக்கவில்லை, விதியை மீறவில்லை. கப்பல் நிறுவனம் கொடுத்த கன்டெய்னரில் சரக்கை ஏற்றினார், அவ்வளவுதான். அந்தக் கன்டெய்னர் அதற்கு முன்பு எந்த ஊரில் எந்தத் தானியத்தைச் சுமந்தது என்பது அவருக்கே தெரியாது.

பதிவேடு மனிதனுடையது, பூச்சி பெட்டியினுடையது. மனிதனுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அதைப் பெட்டிக்கு எப்படிப் பொருத்துவது? இறக்குமதியாளரின் நேர்மை கன்டெய்னர் தரைப்பலகைக்கு அடியில் போய்ப் பூச்சியைக் கொல்வதில்லை.

வண்டு வந்த பிறகு ஆஸ்திரேலியா என்ன செய்தது என்பதையும் மேடையில் யாரும் சொல்வதில்லை. 2021 முதல், காப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து வரும் அபாயமான கன்டெய்னர்களுக்குப் பூச்சிநீக்கச் சிகிச்சையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே அனுப்புபவர் நல்லவரா, வாங்குபவரின் பெயர் எப்படி என்று கேட்கவில்லை. எந்த நாடு, எந்தப் பொருள், எந்த ஊருக்குப் போகிறது என்றுதான் கேட்டார்கள். நெருக்கடி வந்ததும் அந்த நாடே ஆளை விட்டுச் சரக்கையும் பெட்டியையும் பார்க்கத் தொடங்கியது. அவர்களிடமிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. சுத்தமான பதிவேடு என்றால் என்ன பொருள்? பூச்சி இல்லை என்று பொருளல்ல, பூச்சி கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். சோதனையைக் குறைத்தால் கண்ணில் படுவதும் குறையும். கண்ணில் படாததால் பதிவேடு இன்னும் சுத்தமாகும். பதிவேடு சுத்தமாக இருப்பதால் சோதனையை மேலும் குறைக்கலாம் என்பார்கள். பார்ப்பதை நிறுத்திவிட்டு, பார்த்தபோது எதுவும் இல்லை என்று சான்றிதழ் எழுதுவது என்ன நியாயம்?

மூன்றாவது வாதம்: பரிசு கொடுத்தால்தான் எல்லோரும் ஒழுங்குக்கு வருவார்கள். ஒழுங்குக்கும் வரலாம், ஒளிப்பதற்கும் வரலாம். பரிசு தேறியவருக்குத்தானே தவிர, சுத்தமானவருக்கு இல்லை. தேறுவதற்கு இரண்டு வழி உண்டு: சரக்கைச் சுத்தம் செய்வது ஒன்று, சோதனையை ஏமாற்றுவது இன்னொன்று.

பச்சை இறால் விஷயத்தில் ஆஸ்திரேலியா இதைக் கசப்பாகக் கற்றது. 2016 கடைசியில் குவீன்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரை இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் வந்தது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத வைரஸ், இறாலுக்கோ எமன். 1990களின் நடுவில் ஆந்திரக் கரையிலும் நம் தமிழகக் கரையிலும் குளம் குளமாக இறால் மிதந்ததைக் கண்டவர்களுக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. லோகன் ஆற்றங்கரையில் பண்ணைகள் ஒன்றுவிடாமல் காலியாயின. குளங்களில் குளோரின் கொட்டி எல்லாவற்றையும் அழித்தார்கள். 2017 ஜனவரியில் பச்சை இறால் இறக்குமதியையே நிறுத்திவைத்தார்கள்.

வைரஸ் எந்த வழியாக ஆற்றுக்குள் போனது என்பது இறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் அதையொட்டி நடந்த விசாரணையில் வெளிவந்தது போதும். எல்லையில் சோதனையைத் தாண்டிவந்த இறால், கடைகளில் எடுத்துப் பரிசோதித்தபோது வைரஸோடு இருந்தது. சில இறக்குமதியாளர்கள் சோதனையிலிருந்து திட்டமிட்டே தப்பியிருந்தார்கள். அதிகாரி வருவதற்கு முன்பே முத்திரை உடைத்து, சரக்கைக் குளிர்கிடங்கில் இறக்கி வைக்க வழியிருந்தது. எந்தப் பெட்டி அதிகாரியின் முன் வருகிறது என்பது யார் கையில் இருந்திருக்கும்? அந்த ஆண்டு ஜூலையில் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது வந்த புதிய நிபந்தனை என்ன? ஒவ்வொரு சரக்கையும், முத்திரை உடையாமல், அதிகாரியின் கண்முன்னே திறக்க வேண்டும். ஒன்றுகூட விலக்கில்லை. அடிபட்டபின் வந்த ஞானம் அது. அடிபடாமலே நமக்கும் வரட்டும் என்கிறேன்.

நான்காவது வாதம்: தாமதம் ஆனால் நஷ்டம், கன்டெய்னருக்கு நாள்வாடகை ஏறும், சோதனைக் கட்டணம் வேறு. ஏறும்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நஷ்டக் கணக்கை எப்போதும் துறைமுக வாசலிலேயே முடித்துவிடுகிறார்கள். வாசலுக்கு வெளியே என்ன ஆகிறது?

2001 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் செந்தீ எறும்பு கண்டுபிடிக்கப்பட்டது. தென் அமெரிக்க எறும்பு. கொட்டினால் தீப்பட்டது போல எரியும். கப்பல் சரக்கோடு வந்திருக்கும் என்பதுதான் பொதுவான முடிவு. சுமார் கால் நூற்றாண்டு ஆகியும் இன்னும் அதோடு போராடுகிறார்கள். 2023 தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் சுமார் 59 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் வரிகட்டும் மக்களுடையது. எறும்பைக் கொண்டுவந்த சரக்கின் சொந்தக்காரருக்கு ஒரு காசு செலவில்லை. அவர் யாரென்றே தெரியாது.

நம் பக்கமும் இதே கதைதான். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. கடைசியில் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வரவழைத்துத்தான் அடக்கினார்கள். 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலையின் அடிப்புறம் வட்டவட்டமாக வெள்ளை மெழுகு. அது கசியும் தேன்திவலை கீழோலையில் விழுந்து கரும்பூஞ்சாணம் படர்ந்து ஓலை கறுத்துப்போகும். மருந்தடித்தால் நன்மை செய்யும் குளவியும் சாகும். அதனால் மஞ்சள் ஒட்டுப்பொறியில் ஆமணக்கு எண்ணெய் தடவிக் கட்டுவதும், தண்ணீரைப் பீய்ச்சி ஓலையைக் கழுவுவதுமாக விவசாயி நிற்கிறார். அறுபதடி உயரத் தென்னையைக் கழுவிப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும். அந்தக் கூலிக்கு எந்த இறக்குமதியாளர் பில் கட்டினார்? சலுகை ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு. செலவைச் சுமப்பவரை யாரும் கேட்காமலே சலுகை கொடுக்கப்படுகிறது. இந்தத் திட்டத்தின் மேல் எனக்குள்ள முதல் கோபம் இதுதான்.

ஐந்தாவது வாதம்: முழுவதுமாக விட்டுவிடவில்லையே, பத்தில் ஒன்றைப் பார்க்கிறோம், தவறினால் மீண்டும் முழுச் சோதனை. பத்தில் ஒன்றைப் பார்த்தால் ஒன்பது பார்க்காமல் போகிறது. தவறு தெரிந்தபின் சோதிப்பது அடுத்து வருவதைத் தடுக்கலாம். ஏற்கெனவே போனதைத் திரும்பக் கொண்டுவராது. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னவர்களின் பிள்ளைகள் நாம்.

ஆறாவது, எல்லாம் தோற்றபின் எடுக்கும் ஆயுதம்: உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடே இதைச் சொல்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக எளிமையாக்க உடன்பாட்டில், தகுதிபெற்ற வணிகர்களுக்குக் குறைவான நேரடிச் சோதனை என்ற சலுகை இருப்பது சரிதான். தகுதிபெற்ற வணிகர்களுக்கான நம் சுங்கத்துறையின் ஏ.இ.ஓ. திட்டமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அதே உடன்பாட்டின் இறுதிப் பகுதியைப் படித்தால், மனித, விலங்கு, தாவர நலம் காக்கும் தனி உடன்பாட்டின்கீழ் நாடுகளுக்குள்ள உரிமையும் கடமையும் இதனால் குறையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வரி ஏய்ப்பைப் பிடிக்க வணிகரின் வரலாற்றைப் பார்க்கலாம். வரியை ஏய்ப்பது மனிதன்தான். பூச்சிக்கு அந்த வரலாறு தெரியாது.

நேர்மையான இறக்குமதியாளருக்குப் பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டணத்தில் தள்ளுபடி கொடுங்கள். வரிசையில் முதலிடம் கொடுங்கள். அவர் சரக்கை இரவிலும் வந்து சோதிக்க ஒரு அதிகாரியை நிறுத்துங்கள். சோதனையை மட்டும் பரிசாக விட்டுக்கொடுக்காதீர்கள். அது அரசின் சொத்தும் இல்லை, இறக்குமதியாளரின் சொத்தும் இல்லை. தோப்பும் வயலும் குளமும் வைத்திருப்பவர்களுக்கு நாடு கொடுத்திருக்கும் காவல் அது. எந்தப் பொருள், எந்த ஊர், எந்தப் பருவம், எந்தக் கன்டெய்னர் என்று பார்த்துச் சோதியுங்கள். யாருடைய சரக்கு என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள்.